முகம் காட்டும் கூட்டம்

கல்லுளிமங்கி என்றுதான் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர். வைத்தவர்கள் பொறாமையில் வைக்கவில்லை, பட்ட அனுபவத்தில் வைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் பிரிவில் வேலை. விசா, விடுதி, காப்பீடு, காதல் தோல்வி எல்லாம் அவளிடம் வரும். வந்தது வெளியே போகாது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, கேட்பது பெற்ற தாயே ஆனாலும் சரி, என்பது அந்தப் பிரிவின் விதி. ஒரு பையனுடைய மதிப்பெண்ணை அவன் அப்பாவிடம் வாய் தவறிச் சொன்ன பெரிய அதிகாரியையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

தொற்றுநோய் வந்து ஊர் அடங்கியதும் அலுவலகம் அவள் படுக்கையறைக்கே குடிவந்துவிட்டது. சாப்பாட்டு மேசையைக் கணவர் பிடித்துக்கொண்டார். கூடத்தை மகளின் ஆன்லைன் வகுப்பு பிடித்துக்கொண்டது. மிஞ்சியது துணி தேய்க்கிற மேசைதான். அதன்மேல் மடிக்கணினி, பக்கத்தில் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போன். முழங்கை பட்டால் போதும், மேசை ஆடும். எதிர்முனையில் இருக்கிற பிள்ளைகள், “அக்கா, உங்க பக்கம் பூகம்பமா?” என்று கேலி செய்வார்கள்.

கேட்பதெல்லாம் ஒரே கேள்வி. ஊருக்குப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா? போனால் திரும்பி வர விடுவார்களா? அரசாங்கம் காலையில் ஒன்று சொல்லும், சாயங்காலம் அதை மாற்றும். அவள் இரண்டையும் படித்துச் சொல்வாள். போ என்றோ போகாதே என்றோ மட்டும் சொல்ல மாட்டாள்.

அவள் பொறுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளில் நெட்டையன் ஒருவன். கட்டில் பத்தாமல் காலை நாற்காலியில் நீட்டித் தூங்குகிறவன் என்பதால் விடுதியில் வைத்த பெயர். அவனுக்குத் தொற்று வந்து, விடுதியின் மேல்மாடி அறையில் தனியாக வைத்திருந்தார்கள். சாப்பாடு கதவுக்கு வெளியே வரும், வைத்தவர் படி இறங்கிய பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் அவனைக் கூப்பிட்டு விசாரிப்பது அவள் வேலை.

“காய்ச்சல் இறங்கிடுச்சுக்கா. இருமல்தான் உயிரை வாங்குது.”

“வீட்டுல சொன்னியா?”

“ஐயோ, வேண்டாம்க்கா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா விமானம் இல்லைன்னாலும் நீந்தியாவது வந்துருவாங்க. வீடியோ போட்டா மூஞ்சி காட்டிக் கொடுத்துரும்னு சிக்னல் இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் சொல்லிடாதீங்க.”

“நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்லப்பா” என்றாள். எழுந்து உட்கார முடியாதவனைப் பரீட்சை எழுதச் சொல்வது பாவம் என்று அவளே துறைக்கு எழுதி, அவன் பரீட்சையைத் தள்ளிவைக்க வைத்தாள். அவனும் அதை வீட்டில் சொல்லவில்லை. பரீட்சை ஏன் தள்ளிப்போனது என்று கேட்டால் என்ன பதில் சொல்வான்?

அந்த வாரத்திலேயே நெட்டையனுடைய அப்பா அவளைக் கூப்பிட்டார். பிள்ளையைச் சேர்த்தபோது கொடுத்த கையேட்டில் எண் இருந்ததாம். குரலைத் தாழ்த்திப் பேசினார், பின்னால் ஏதோ கருவி விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

“மேடம், அவங்கம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. இதே நோய்தான். ஆக்ஸிஜன் வச்சிருக்காங்க. பையன் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. யார் மூலமாவது தெரிஞ்சு உங்ககிட்ட வந்து கேட்டான்னா, நீங்கதான் சமாளிக்கணும்.”

“அவன்கிட்ட நீங்களே பேசலாமே சார்.”

“பரீட்சை நேரம் மேடம்! இதைக் கேட்டா பேனா ஓடுமா அவனுக்கு? வீடியோவுல கூப்பிட்டா தெரிஞ்சுரும்னு என் போன் உடைஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்கேன். பரீட்சை முடியட்டும்.”

எந்தப் பரீட்சை? அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடப்பாவிகளா, இல்லாத பரீட்சைக்காக அப்பா அம்மாவை மறைக்கிறார், அம்மா தாங்க மாட்டாள் என்று பிள்ளை தன்னை மறைக்கிறான்! நடுவில் இரண்டையும் விழுங்கிவிட்டு இவள் நிற்கிறாள், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி. விதி என்ன, விதி! ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். பழக்கம் அப்படி.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் இருவரிடமும் பேசினாள். “வீட்டுல பேசுப்பா” என்று இவனிடம், “பையனோட பேசுங்க சார்” என்று அவரிடம். இருவரும் அவளுக்கே புத்தி சொன்னார்கள். ஒன்றும் நடக்காமல் நாட்கள் போயின. கணவர், “யாரோட சண்டை உனக்கு?” என்று கேட்டார். “என்னோடதான்” என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் மறுபடியும் அப்பா. இந்தத் தடவை குரல் தாழவில்லை, உடைந்திருந்தது. “மேடம், சாயங்காலம் வென்டிலேட்டர்ல வைக்கப் போறாங்க. தொண்டையில குழாய் போட்டுட்டா பேச முடியாதாம். அதுக்கப்புறம் எப்படியோ, டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார்.”

“அவங்க பையனைப் பார்க்கணும்னு கேக்கலையா?”

“கேட்டா. அவன் படிக்கிறான், தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொன்னேன். அவன் ஒரு பேப்பர் விட்டாலும் அவ என்னை மன்னிக்க மாட்டா மேடம், உங்களுக்கு அவளைத் தெரியாது. உங்க புள்ளையா இருந்தா நீங்க சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்” என்றாள் பட்டென்று. “இன்னைக்கு, இப்பவே சொல்லுவேன். பரீட்சையை நான் பார்த்துக்கறேன், அது என் வேலை. நான் ஒரு கூட்டம் கூட்டறேன். மாணவனும் குடும்பமும் நானும் மட்டும். நீங்க அந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்து சேர்ந்தா போதும். எங்க கூட்டத்துல கேமரா போட்டே ஆகணும், அது கண்டிப்பு.”

அந்தக் கண்டிப்பு எப்போது வந்தது என்றால், எவனோ ஒருவன் தனக்குப் பதிலாக அறைத் தோழனைப் பேச வைத்துப் பிடிபட்ட பிறகு வந்தது. முகம் தெரியாமல் கூட்டம் கிடையாது. இத்தனை வருஷத்தில் அந்த விதியை நினைத்து அவள் எரிச்சல்பட்டதுதான் உண்டு. இன்றைக்கு அதைக் கும்பிடத் தோன்றியது.

“சரிம்மா” என்றார் அப்பா. மேடம் எப்போது அம்மா ஆனாள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

நெட்டையனைக் கூப்பிட்டாள். “உங்க வீட்டோட ஒரு மீட்டிங். இப்பவே. கேமரா போடணும்.”

“அய்யய்யோ, இந்த மூஞ்சியோடயா? எல்லாம் தெரிஞ்சுருமே! காட்டிக் கொடுக்கறீங்களாக்கா?”

“உன்னைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, விட்டுடறேன்.” “வாப்பா” என்றாள். கெஞ்சுகிற குரல் அது. அந்தக் குரலை அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

அவன் இருமுவதை நிறுத்திவிட்டான். “எங்கம்மாவுக்கு என்னக்கா?”

அவள் கூட்டத்துக்கான இணைப்பை அனுப்பினாள்.

“வரேன்” என்றான்.

திரையில் முதலில் அவள் முகம் வந்தது. அடுத்து நெட்டையன், சவரம் செய்யாத கன்னம் ஒட்டிப்போய், பின்னால் தண்ணீர் பாட்டில்களும் மருந்துச் சீட்டுகளும். கடைசியாக அப்பா, தலையிலிருந்து கால்வரை நீலப் பாதுகாப்பு உறைக்குள். அவர் போனை மெல்லத் திருப்பினார். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குப் பின்னால் அம்மா இருந்தாள். நர்ஸ் ஒருவர் கட்டில் தலைமாட்டில் நின்றார்.

“அம்மா!” என்று கத்தினான் பையன். கத்தியதும் இருமல் பிடித்துக்கொண்டது.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினாள். “என்னடா இது... எலும்பும் தோலுமா... உனக்குமா?”

“எனக்குச் சரியாயிடுச்சும்மா. நிஜமா. நீ... நீ எப்போலேர்ந்தும்மா இப்படி?”

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. “பரீட்சை?” என்றாள்.

“எழுதலம்மா. போன வாரமே தள்ளி வச்சுட்டாங்க. சும்மாதான் படுத்துக் கிடந்தேன்.”

அம்மா மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் விலக்கினாள். நர்ஸ் தடுக்கப் போய், பிறகு தடுக்காமல் நின்றார். அம்மா முகத்தைத் திருப்பி, நீல உறைக்குள் இருந்த கணவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, புரியாமல் பார்த்தாள்.

“அப்புறம் எதுக்குங்க இத்தனை நாளா... எம்புள்ளைய என் கண்ணுல காட்டல?”

கேட்டது அவரைத்தான். பதில் தெரிந்தவர்கள் தன்னையும் சேர்த்து மூன்று பேர் என்று அவளுக்கு உறைத்தது. அப்பா தலை குனிந்தார், பையன் குனிந்தான், அவளும் குனிந்தாள்.

“சரி, நிமிருடா” என்றாள் அம்மா. “உன் முகத்தைப் பார்த்துக்கறேன்.”