மூடிக்குப் பன்னிரண்டு போல்ட்

எங்கள் மிதவைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அலையில் ஏறி இறங்கியே மின்சாரம் எடுக்கிற இயந்திரம் அது. ஆறு மாதம் கடலில் ஓட வேண்டியது, நாற்பத்தோராவது நாளே படுத்துவிட்டது. மூன்று நாட்டு அரசுகள் ஒரே நிதியில் பணம் போட்டு, சேர்ந்து செய்து காட்டுங்கள் என்று கொடுத்த வேலை. வெளிக்கூடு ஒரு நாட்டில் செய்தது, ஜெனரேட்டர் இன்னொரு நாட்டில். கூட்டின் வாய்க்கு மூடி செய்து, எல்லாவற்றையும் பொருத்தி அனுப்பியது எங்கள் பட்டறை. அந்த மூடிக்கு நான்தான் பொறுப்பு.

விஷயம் தெரிந்ததும் சும்மா இருந்தேனா? கம்ப்யூட்டர் திரையில் நடந்த முதல் கூட்டத்திலேயே கூடு செய்த தாடிக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க கூட்டோட விளிம்பு கோணல். நேரா இருந்தா எங்க மூடி ஏன் ஒழுகுது?"

அவர் தாடியைத் தடவியபடி, "அளந்து பாக்குறோம்" என்றார், அவ்வளவுதான். அந்த அமைதி எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அடுத்த இரண்டு கூட்டங்களிலும் அவரை உண்டு இல்லை என்று பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பழுதுக்குக் காரணம் எழுதப்பட இருந்தது. கூடுதான் காரணம் என்றால் தாடிக்காரரின் அரசு விலகிக்கொள்ளும் என்று பேச்சு அடிபட்டது. ஒரு நாடு விலகினால் மற்ற இரண்டின் பணமும் நின்றுவிடும், அதுதான் நிதியின் விதி. ஏழு வருஷ உழைப்பு பழைய இரும்புக்குப் போகும். ஆனாலும் என் மூடிமேல் பழி வரக் கூடாது என்ற வீம்பு விடவில்லை. மூடி சுத்தம் என்று நிரூபிக்க, புதன்கிழமை சோதனைத் தொட்டியைத் தயார் செய்தேன்.

தொட்டியில் அழுத்தச் சோதனை பார்ப்பவள் என் நாத்தனார். வீட்டிலும் அவள், பட்டறையிலும் அவள். என்னைச் சோதிப்பதற்கென்றே பிறந்தவள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிக்கக் கூடாது. போல்ட்டுக்குக் கிரீஸ் போட்டீங்களா?"

"உப்புத் தண்ணிக்குப் போற போல்ட்ட கிரீஸ் போடாம எவளாவது மாட்டுவாளா?"

"வரைபடத்துல இருக்கிற முடுக்குற அளவு வெறும் போல்ட்டுக்குன்னு போட்டிருக்கே. கிரீஸ் வழுக்கும். அதே அளவுக்கு முடுக்கினா ஒண்ணரை மடங்கு இறுக்கிடும்."

"வக்கீல் மாதிரி பேசாத. ரெண்டு விதமாவும் மாட்டிப் பாத்துரலாம்" என்றேன்.

கோணல் துளியும் இல்லாத இரும்பு விளிம்பில் இரண்டு மூடிகளை மாட்டினோம். கிரீஸ் போடாதது நாள் முழுக்கத் தாங்கியது. கிரீஸ் போட்டது மூன்றாவது மணி நேரத்தில் சொட்ட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் மூடி வளைந்து, உள்ளே ரப்பர் வளையம் நசுங்கிக் கிழிந்திருந்தது. கடலுக்குப் போன மூடியின் பன்னிரண்டு போல்ட்டையும் முடுக்கியது என் கைதான். நாத்தனார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"யாரும் கேக்கலல்ல? வாய மூடிக்கிட்டு இரும்மா. இந்த மெஷின் போனா போகுது. பட்டறை பேரு கெட்டா அடுத்த வேலைய எவன் தருவான்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாற்பது பேர் சாப்பிடுகிற இடம் அது. ஆனால் அந்த இயந்திரம் கடலில் ஓடுவதை நாற்பது நாள் கண்ணால் பார்த்தவள் நான். என் தப்பை மறைக்க அதைப் பலி கொடுக்க என்னால் முடியாது.

வெள்ளிக்கிழமை, நிதி அலுவலகத்து அம்மா திரையில் வந்து அறிக்கையைப் படித்தார். "காரணம், கூட்டின் விளிம்பு. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

மேசைக்கடியில் மேனேஜர் என் காலை மிதித்தார்.

"எனக்குச் சம்மதம் இல்ல" என்றேன். "காரணம் கூடு இல்ல. தப்பு என்னோடது. கிரீஸ் போட்டு, அளவக் குறைக்காம முடுக்கிட்டேன். சோதிச்ச மூடி ரெண்டும் இதோ இருக்கு. மூணு கூட்டமா, கூடு செஞ்ச இவர வாய்க்கு வந்தபடி பேசினேன், அதுவும் தப்பு."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா மூடிகளைக் காட்டச் சொன்னார், இரண்டையும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பிறகு காரணத்தை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். எந்த நாடும் விலகவில்லை. இயந்திரம் மறுபடி கடலுக்குப் போகும். ஆனால் பொருத்துகிற வேலை இனி எங்கள் பட்டறைக்கு இல்லை, தாடிக்காரரின் பட்டறைக்கு என்றார்.

இயந்திரம் பிழைத்தது, என் கையை விட்டுப் போனது. அழுகை வந்தது. திரையில் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன்.

அப்போதுதான் தாடிக்காரர் வாயைத் திறந்தார்.

"எங்க ஆளுங்களும் எதுக்கெடுத்தாலும் கிரீஸ் போடுறவங்கதான். நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க. எப்ப வர்றீங்க?"