அவ்ரோ எங்கே இறங்கியது?

1

இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபா. கொட்டாஞ்சேனை நோபேட்டுக்கு வெள்ளவத்தை நமசிவாயம் ஐயா கொடுக்க வேண்டியிருந்த மிச்சம். இந்தக் கதை அந்தத் தொகையிலிருந்துதான் புறப்பட்டது. நோபேட்டின் கடையில் கம்ப்யூட்டர் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவன் நான், சங்கிலி. அந்தக் காசைக் கேட்டு மூன்று தடவை ஐயாவின் நாலாம் மாடி ஃபிளட்டுக்கு ஏறியவனும் நான்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானம் நீலமாக இருந்தது. நமசிவாயம் தன் விமானத்தின்'

விட்டுவிட்டேன். ஐயாவின் அறை யன்னலைத் திறந்தால் பக்கத்து மாடியின் சுவர்தான் தெரியும்.

பிறகு இப்படி: 'நோபேட் நல்லவன்.' வெட்டினேன். திரும்பவும் எழுதினேன். இப்போது அது வெட்டுக்கு மேலே கிடக்கிறது. கிடக்கட்டும்.

2

நமசிவாயம் ஐயா ஒரு காலத்தில் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் அவ்ரோ விமானங்களுக்கு மெக்கானிக். பென்சன் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டவர், இரண்டாயிரத்தாறில் கண் ஒப்பரேசனுக்கு என்று கொழும்புக்கு வந்தார். கண் சரியாகிய மாதமே சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டுப்பட்டது. மனைவி கௌரி அங்கே, அவர் மருமகனின் ஃபிளட்டில் இங்கே. பிளேனில் போகப் பாதுகாப்பு அனுமதி கேட்டு எழுதினார். பதில் வரவில்லை. திரும்ப எழுதினார்.

மருமகனின் பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. லண்டனிலிருந்து மகன் அதற்கென்று ஒரு சீடி அனுப்பியிருந்தான். அதில் ஓர் அவ்ரோவும் யாழ்ப்பாணத்துப் பலாலி ஓடுபாதையும் இருந்தன. தினமும் பின்னேரம் ஐயா இரத்மலானையில் ஏறுவார், ஒரு மணித்தியாலமும் சொச்சமும் ஓட்டுவார், பலாலியில் இறங்குவார். பிறகு தேத்தண்ணி.

அந்தக் கம்ப்யூட்டர் எரிந்துபோனது. புதியதில் புதிய விளையாட்டு. அதற்குள் பழைய அவ்ரோ வரமாட்டேன் என்றது. ஐயா நோபேட்டைக் கூப்பிட்டார்.

3

"அண்ணன், மெல்ல. அது சீனி மூட்ட இல்ல, மொனிட்டர்," என்றான் நோபேட் படியில்.

"சீனி மூட்டைக்கு வாய் இல்ல தம்பி. ஒன்னயத் தூக்குறதுதான் பாரம்," என்றேன்.

உள்ளே போய் நோபேட் வேலையைத் தொடங்கினான். சீடியில் இருந்த விமானத்தின் போல்டரை எடுத்து, புதிய விளையாட்டு தன் விமானங்களை வைத்திருக்கும் இடத்தில் போட்டான். அவ்ரோ வந்தது. ஆனால் டயரும் சில்லுகளும் பாதிவரை தாருக்குள் புதைந்திருந்தன. முன்னால் உயரமும் வேகமும் காட்டும் மானிகள் எல்லாம் குருட்டுக் கண்போல் வெறுமையாக இருந்தன. இயந்திரம் ஓடியபோது காற்றாடி சுழலவில்லை. அதன் இடத்தில் கறுப்புத் தட்டு ஒன்று நின்றது.

"தம்பி, இது பிளேனோ, ரொட்டிக் கல்லோ?" என்றார் ஐயா.

"பழைய சாமான் அங்கிள். புது வீட்டுக்கு வந்தா கொஞ்சம் முறுகத்தான் செய்யும்."

"நானும் பழைய சாமான்தான். என்னையும் இப்பிடித்தான் வச்சிருக்கினம்."

மானிகளை வேறோர் இடத்தில் போட்டான். சில்லின் உயரத்துக்கு உரிய எண்ணை மாற்றினான், மூடித் திறந்தான், மாற்றினான். மூன்று மணித்தியாலம். கடைசியில் அவ்ரோ நிமிர்ந்து நின்றது. ஐயா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆயிரம் தந்தனான். மிச்சம் பலாலியில சில்லு தரையில பட்டாப் பிறகு. சரியோ?"

"ஓம் அங்கிள். எல்லாம் போட்டாச்சு," என்றான் நோபேட்.

4

எல்லாம் போடவில்லை.

[இந்த இடத்தில் நோபேட்டின் மனதுக்குள் போக வேண்டும். எழுத்து எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் வந்தது. ஆளின் மனதை வாசிக்க இன்னும் வரவில்லை. இருந்தாலும் முயல்கிறேன்.]

சீடியில் இரண்டாவது போல்டர் ஒன்று இருந்தது. பலாலி ஓடுபாதை. நோபேட்டின் விரல் அதன்மேல் நின்றது. அது படைமுகாம் உள்ள இடம். அந்த வருடம் சண்டை ஆகாயத்துக்கும் ஏறியிருந்தது, புலிகளிடமும் பிளேன் இருந்தது. வெள்ளவத்தையில் வாரம் ஒரு சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. ஒரு தமிழ்க் கிழவரின் கம்ப்யூட்டரில் பிளேனும் பலாலியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், யார் போட்டது என்று கேட்பார்கள். விரல் விலகியது. விமானத்தை மட்டும் வைத்தான். ஓடுபாதையை விட்டுவிட்டான்.*

*ஊர்ப் பெயர் எழுதிய கடிதத்தைக்கூட வீட்டில் கிழித்துவிட்டு பஸ் ஏறிய காலம் அது. கையே பழகியிருந்தது.

ஐயா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். நோபேட் சீடியை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தான், துண்டுகளைச் சேர்ட்டுக்குள் போட்டுக்கொண்டான். நான் பார்த்தேன். சொல்லவில்லை. என் அடையாள அட்டையும் தமிழ்தான்.

(நோபேட்டைக் கோழையாக எழுதுகிறேனோ என்று மேலே இருப்பதை இரண்டு தடவை வெட்டினேன். வெட்டினால் நானும் மறைந்துபோகிறேன். அதனால் விட்டேன்.)

5

முதல் தடவை காசு கேட்கப் போனபோது ஐயா பறந்துகொண்டிருந்தார்.

"இரும் சங்கிலி. வந்திட்டன். கரை தெரியுது."

கரை தெரிந்தது. அதன் பிறகு பச்சை. பச்சைக்குப் பிறகும் பச்சை. அவர் சாய்த்துத் திருப்பினார், தாழ்ந்தார், ஏறினார்.

"இதிலதான் இருக்கவேணும். இதிலதானே!"

எண்ணெய் மானியின் முள் சரிந்தது. நான் படியிறங்கினேன்.

"என்ன சொன்னாரு?" என்றான் நோபேட். காசை அவன் கேட்கவில்லை.

"சுத்துறாரு."

அவன் அன்று சாப்பிடவில்லை. வேறு சீடி தேடினான், கிடைக்கவில்லை. போய்ச் சொல்லவும் கால் வரவில்லை. மூன்று நாள் கழித்து என்னையே திரும்ப அனுப்பினான். அன்றும் ஐயா சுற்றிக்கொண்டிருந்தார்.

6

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன்.

அவ்ரோ திரும்பி இரத்மலானையிலேயே இறங்குகிறது. — திரும்பிவர எண்ணெய் காணாது.

நோபேட் வந்து உண்மையைச் சொல்ல, ஐயா அவனை — நோபேட் வரவில்லை. வராதவனைப் படியேற்ற எனக்கு மனமில்லை.

கிணறும் பனையும் கௌரியின் வீட்டுத் திசையும் தெரிந்த மெக்கானிக், ஓடுபாதை இல்லாத அந்தப் பச்சையில் ஞாபகத்தை வைத்தே — இது எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே நம்பிக்கை வரவில்லை.

நடந்தது இது. மூன்றாம் தடவை போனபோது கம்ப்யூட்டர்மேல் தலை துவட்டும் துவாய் போர்த்தியிருந்தது. ஐயா கடித உறை ஒன்றை நீட்டினார். ஐம்பது ரூபாத் தாள் வரை சரியாக இருந்தது.

"இறங்கிட்டீங்களா ஐயா?"

"காசு தந்திட்டன்தானே."

படியில் இறங்கும்போது கூப்பிட்டார். "நோபேட்டிட்டச் சொல்லும், பிளேனில ஒரு பிழையும் இல்லையெண்டு."

நோபேட் காசை இரண்டு தரம் எண்ணினான். கணக்குக் கொப்பியைத் திறந்தான். நமசிவாயம் என்ற பெயருக்குமேல் பேனை நின்றது, இறங்கவில்லை.

"நீங்களே கீறுங்க அண்ணன்."

கீறினேன். கடன் தீர்ந்தது. சில்லு எங்கே பட்டதென்று என்னைக் கேளாதீர்கள். அந்தத் துவாயை நான் தூக்கிப் பார்க்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் தூக்கிப் பாருங்கள்.