முதல் தேவ இரகசியம்

டேமியன் போன பிறகு எங்கள் வீட்டுச் செபமாலையில் இயேசு உயிர்த்தெழுவதில்லை.

வெளியே சொன்னால் ஃபாதர் திட்டுவார். ஆனால் நடப்பது அதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பிளாட்டுக்குத் திரும்பியதும் கோழிக்கறியைச் சிறு தீயில் வைத்துவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் பாய் விரித்து உட்காருவோம். செபமாலை முடியும்வரை யாருக்கும் சோறு கிடையாது. என் வீட்டில் என் சட்டம். தேவ இரகசியங்கள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மணி, மணிக்கு ஒரு அருள் நிறை மந்திரம். நாங்கள் நாலு பேர். இளையவன் டேமியனுக்கு முதலாவது, அவன் அக்கா ஜெசிந்தாவுக்கு இரண்டாவது, எனக்கு மூன்றாவது, என் வீட்டுக்காரர் சவரிநாதனுக்கு நாலாவது. கடைசியை எல்லோரும் சேர்ந்து சொல்வோம். ஞாயிறு என்றால் மகிமை இரகசியங்கள். அதில் முதலாவது, ஆண்டவர் உயிர்த்தெழுந்தது. அது டேமியனுடைய பங்கு.

அவனை அடக்கம் செய்த வாரம் என் வீட்டுக்காரர் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி முடித்தார். அடுத்தது டேமியனுடைய முறை. கடைசியில் ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவதை ஆரம்பித்தாள். நாங்களும் கூடவே போனோம். அன்றிலிருந்து அப்படியேதான். உயிர்த்ததை விட்டுவிட்டு ஆண்டவரை நேராகப் பரலோகத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுகிறோம். இது தப்பில்லையா என்று எனக்கு உறைக்கவே இல்லை. எதுவுமே உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வந்தவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். கறியில் உப்பு இருக்கிறதா என்று ஜெசிந்தாதான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மிச்சமிருந்த கோபம் ஒருத்தி மேல்தான். சாந்தினி. பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை ஊரில் ஃபேக்டரி வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவளைத்தான் கட்டுவேன் என்று டேமியன் ஒற்றைக்காலில் நின்றான். நம்ம மாதா கோயில் பிள்ளை இல்லை, அவள் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். அவன் அவளைப் பார்க்கப் பிறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். அப்படி ஒரு நாள் அவளை ஹாஸ்டலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது லோரி ஒன்று அவன் மோட்டார் சைக்கிளை அடித்துத் தள்ளியது. கல்லறையில் அவள் தூரமாக நின்று அழுதாள். இவளைப் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கான முப்பதாம் நாள் பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பூசையிலிருந்து திரும்பி நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். வாசல் கிரில்லை யாரோ தட்டினார்கள். எட்டிப் பார்த்தால் சாந்தினி நிற்கிறாள்.

"வாம்மா, உள்ள வா. ஏன் வெயில்ல நிக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர். எப்போதும் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருக்கும் மனுஷன், அன்றைக்கு மட்டும் முந்திக்கொண்டார்.

ஜெசிந்தாவை அடுக்களைக்குள் இழுத்தேன். "யாரக் கேட்டு அவள வரச் சொன்ன?"

"யாரயும் கேக்கல. கேட்டா நீங்க விட்டுருவீங்களா?"

"அவளுக்கு இங்க என்னடி வேல?"

"ஒரே ஒரு தடவ நம்மகூட செபமால சொல்லணும்னு கேட்டாம்மா. சொல்லிட்டுப் போகட்டும்லா. உங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது?"

"சொல்லிட்டுப் போயிரணும். சாப்புட்டுப் போ, கீப்புட்டுப் போன்னு நீ பாட்டுக்கு இழுத்து வெச்சுக்காத."

சத்தமாகத்தான் சொன்னேன். கூடத்தில் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் பாயின் ஓரத்தில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் விசுவாசப் பிரமாணத்தை முடித்தார். வழக்கம்போல ஜெசிந்தா தொண்டையைச் செருமுவாள் என்று பார்த்தேன்.

"முதலாம் தேவ இரகசியம். இயேசு உயிர்த்தெழுந்தது."

சொன்னது சாந்தினி.

எனக்குச் சுருக்கென்றது. இவள் யார் இதைச் சொல்ல? வாயைத் திறப்பதற்குள் அவள் பரலோக மந்திரத்தைத் தொடங்கிவிட்டாள். செபத்தை நடுவில் நிறுத்துகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அருள் நிறை மந்திரத்தில் முதல் பாதியை அவள் சொல்ல, மறுபாதியை நாங்கள் சொன்னோம். ஒரு சொல் பிசகவில்லை. எங்கே டேமியன் மூச்சு வாங்குவானோ அங்கேயே இவளும் வாங்கினாள். இதெல்லாம் இவளுக்கு எப்படி என்று யோசித்துக்கொண்டே மணியை உருட்டினேன். ஒன்பதாவது மணி முடிந்தது.

அவள் நிறுத்திவிட்டாள்.

மறந்துவிட்டாளோ என்று பார்த்தால், மறந்த முகமாக இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன். அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இப்ப நீங்கதானே ஆன்ட்டி சொல்லணும்?"

"நான் என்னத்தச் சொல்றது? ஒன் பத்தே இன்னும் முடியலியே."

"இல்ல... டேமியன் இந்த எடத்துல நிறுத்துவாரு. நீங்க 'டேய், இன்னொண்ணு பாக்கி இருக்குடா'ன்னு சத்தம் போடுவீங்க. அப்புறம்தான் அவரு கடைசி மணி சொல்லுவாரு." எங்கள் முகங்களைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "அம்மா சொன்னாதான் கடைசி மணி சொல்லணும்னு இருக்கோன்னு நெனச்சேன். அப்படி இல்லையா?"

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பசி தாங்க மாட்டான் அவன். கறி வாசம் வந்துவிட்டால் ஒரு மணியை முழுங்கிவிட்டு 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்று தாவிவிடுவான். சின்ன வயதிலிருந்தே நான் கத்திப் பிடிப்பேன். வளர்ந்த பிறகு வேண்டுமென்றே ஒன்பதில் நிறுத்திவிட்டு, நான் எப்போது கத்துவேன் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு ஞாயிறு தப்பாது. நானும் தப்பாமல் கத்துவேன்.

"ஒனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?"

"யாரும் சொல்லல ஆன்ட்டி. கேட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம செபம் ஆரம்பிக்கிறப்ப எனக்குப் போன் போட்டுச் சட்டப் பையில வெச்சுக்குவாரு. நான் ரூம் கதவச் சாத்திட்டுக் கூடவே சொல்லுவேன். அம்மா ஒன்ன உள்ள விடுற வரைக்கும் இப்படி வந்துட்டுப் போன்னு சொன்னாரு."

கள்ளப்பயல்! நான் வாசலில் நிறுத்தியவளைச் சட்டைப் பையில் வைத்து என் பாய்க்கே கூட்டி வந்திருக்கிறான். நாலு பேர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த செபத்தில் ஐந்தாவதாக ஒருத்தி பிறையில் முழங்கால் போட்டுக்கொண்டு, நான் என் பிள்ளையைத் திட்டுவதைக்கூட மந்திரம் என்று நினைத்து மனப்பாடம் செய்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு வலித்தது. அவனைக் குழியில் இறக்கியபோது வராத வலி, பாயில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

"சொல்லு, செலின்," என்றார் என் வீட்டுக்காரர்.

"யாரப் பாத்துங்க சொல்லுவேன்?"

சாந்தினி கடைசி மணியை விரலில் பிடித்தபடி காத்திருந்தாள். தானாகச் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் சொல்லாவிட்டால் அவள் அப்படியேதான் இருப்பாள் போலிருந்தது. அந்த 'டேய்'யை மட்டும் விட்டுவிட்டேன்.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு," என்றேன். "சொல்லும்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு பத்தாவதைச் சொன்னாள். மறுபாதி எங்களுடையது, 'எங்கள் மரண நேரத்திலும்' என்று வருகிற பாதி. ஜெசிந்தா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் பாயில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். சாந்தினி சற்று நேரம் எங்களுக்காகப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பாதியையும் தானே சொல்லி முடித்தாள்.