நீலப் பெட்டியில் வந்த மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் புவனேஸ்வரனுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி நான் பெற்ற அன்பரசி. இன்னொருத்தி தொட்டியில் இருக்கிறாள்.

பீடோங்கில் எங்கள் வீட்டு முன்னால் கூரை போட்டதே கார் நிறுத்தத்தான். இப்போது கார் மழையில் நனைகிறது. கூரைக்கடியில் நனையாமல் நிற்பவை கள்ளிகள். உருண்டைக் கள்ளி, வால் கள்ளி, கல்லோடு கல்லாகச் சும்மா கிடக்கிற கள்ளி. "தண்ணி கூடிட்டா வேர் அழுகிடும் உமா" என்று மணலும் கரித்தூளும் கலந்து கலந்து போடுவார். என் இடுப்பு வலிக்கு இந்தக் கவலையில் கால்வாசி பட்டிருந்தால் நான் இந்நேரம் ஓடிக்கொண்டிருப்பேன்.

அதிலும் அவருடைய செல்லம் நட்சத்திரக் கள்ளி. முள் கிடையாது. பூ மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வரும்; மஞ்சள் நிறம், மேலெல்லாம் சிவப்புக் கோடு, பூனைக்கு இருப்பதுபோல் முடி. வாசனை? செத்த எலி! ஈயை ஏமாற்றி வரவழைக்க அந்தப் பூ செய்கிற தந்திரமாம் அது. வந்த ஈயெல்லாம் என் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதே தவிர, ஒரு காய்கூடப் பிடித்ததில்லை.

"எல்லாத் தொட்டியும் ஒரே செடியில ஒடிச்சு வச்சது. வெளிச் சம்பந்தம் வேணும்" என்று ஏங்கிக்கொண்டிருந்தார். வெளிச் சம்பந்தம் மெர்போக்கில், அவருடைய கள்ளிக் கூட்டாளி ஆர்தர் வீட்டில் இருந்தது. ஆனால் அங்கே பூத்தால் இங்கே மொட்டுகூட இருக்காது. இங்கே பூக்கும்போது அங்கே வாடியிருக்கும். இந்த வருஷம்தான் இரண்டும் ஒன்றாக மலர்ந்தன. எந்த நாளில் தெரியுமா? அன்பரசியைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை!

பையன் முகுந்தனுக்கு அலோர் ஸ்டார் பக்கம், மெர்கோங்கில் வீடு. அன்பரசியோடு ஒரே அலுவலகத்தில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய் அவர்களாகவே பேசிக்கொண்டதுதான். ஆனால் தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவர் அத்தை மருதம்மாள். "அவங்க வேணாம்னா முகுந்தன் மீறமாட்டாரும்மா, நானும் மீறச் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் என் மகள். அந்த அத்தையின் குணம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். பிடித்த வீட்டில் கோப்பியைக் குடிப்பார். பிடிக்காத வீட்டில் தொடமாட்டார். முகுந்தனின் அண்ணனுக்குப் பார்த்த இரண்டு வீட்டில் கோப்பி ஆறியே போனதாம்.

"இன்னைக்கு அந்தச் சனியன் யார் மூக்குக்கும் எட்டக்கூடாது, சொல்லிட்டேன்" என்றேன்.

"பாவம் உமா, இன்னைக்குத்தான் பூத்திருக்கு" என்றார். ஆனாலும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் வைத்து, வாளியைக் கவிழ்த்து மூடினார். பிள்ளையை முதல் நாள் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற முகத்தோடு திரும்பி வந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் சரியான நேரத்துக்கு வந்தார்கள். முகுந்தன், மருதம்மாள், அவர் கணவர் சீனிவாசகம், கூடவே ஐந்து தட்டு. நான் சமையலறையில் வடையோடு போராடிக்கொண்டிருந்ததால் வாசலில் தட்டு வாங்கியது என் நாத்தனார் கலைமகள். அவர்கள் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் ஆர்தர். சாயங்காலம் வரச் சொல்லியிருந்தாராம் என் வீட்டுக்காரர். பூ வாடிவிடுமே என்று பயந்து, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல், ஒரு நீல பிஸ்கட் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்துவிட்டார். பெட்டிக்குள் அவர் வீட்டுப் பூ.

கலைமகள் அவரை முன்பின் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா என்று நினைத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"அலாமாக், தங்கச்சி, அது வந்து..." என்று பதறினார் ஆர்தர்.

"உள்ளே போய் உக்காருங்கண்ணே, கோப்பித் தண்ணி கலக்குறாங்க."

ஆறாவதாகத் தனியே வைத்தால் இரட்டைப்படை ஆகிவிடுமே என்று யோசித்து, லட்டுத் தட்டின் மேலேயே பெட்டியை வைத்தாள். வைத்ததோடு விட்டாளா? அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு!

நான் வடைத் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்ததும் வாடை மூக்கில் அடித்தது. என் வீட்டுக்காரரை முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை; லட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆர்தர், கர்த்தரைக் கூப்பிடுகிறவர்போல் விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். வாளி கவிழ்த்தபடியே இருந்தது. அப்படியானால் கூடத்தில் நாறுவது எது?

வந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று அவர்கள். வந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று நாங்கள். ஈக்கள் மட்டும் கூச்சமில்லாமல் வந்தன. மருதம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, கணவர் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார். சீனிவாசகம் காலுறை போட்ட இரண்டு கால்களையும் மெதுவாக சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அன்பரசி கோப்பி கொண்டுவந்தாள். மருதம்மாள் எடுத்தார், முக்காலியில் வைத்தார். அவ்வளவுதான். ஆவி அடங்கியது, ஆடை படிந்தது, அவர் கை அந்தப் பக்கம் போகவேயில்லை. அன்பரசி அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேச்சை மாற்ற நினைத்த கலைமகள், "அண்ணி, அவங்க ஆசையா கொண்டு வந்த பெட்டியைப் பிரிப்போமே" என்றாள்.

"எந்தப் பெட்டி?" என்றார் மருதம்மாள். "நாங்க பெட்டி ஒண்ணும் கொண்டு வரலையே."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கலைமகள் மூடியைத் திறந்துவிட்டாள். ஐயோ, அந்த நாற்றம்! முடி முளைத்த மஞ்சள் பூவைப் பார்த்து, "உயிரோட இருக்கு!" என்று கத்திக்கொண்டு சீனிவாசகம் சோபாமேல் ஏறி நின்றார்.

"என்னாங்க இது?" என்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "மாப்பிள்ளை" என்றார். எல்லாரும் முகுந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். "இவரில்ல. என் செடிக்கு ஆர்தர் கொண்டு வந்த மாப்பிள்ளை."

தொலைந்தோம் என்று நினைத்தேன். மருதம்மாள் பூவைப் பார்த்தார். பிறகு சோபாமேல் நின்ற கணவரைப் பார்த்தார்.

"அப்போ நாத்தம் உங்க காலு இல்லையா?"

"நான்தான் குளிச்சிட்டு வந்தேன்னு சொன்னேன்லா!" என்று வெடித்தார் சீனிவாசகம். "நம்புனியா நீ?"

முகுந்தன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. மருதம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுச் செடியைக் காட்டுங்க, பார்ப்போம்" என்று எழுந்தார். கோப்பி முக்காலியிலேயே இருந்தது.

பின்பக்கம் போனோம். வாளியைத் தூக்கியதும் நாற்றம் இரண்டு மடங்கானது. இந்தப் பூவில் மகரந்தம் தூளாக இருக்காது. கண்ணுக்கு லேசில் தெரியாத சின்னப் பைகளாக, ஜோடி ஜோடியாக இருக்கும். அதை முள்வாங்கியால் எடுத்து, மற்றப் பூவின் நடுவில் இருக்கும் கீறலுக்குள் செருக வேண்டும். என் வீட்டுக்காரர் கையில் முள்வாங்கி நடுங்கியது. ஆர்தர் வாங்கிப் பார்த்தார். அவர் கை இன்னும் மோசம்.

"தாங்கப்பா" என்றாள் அன்பரசி. பட்டுச்சேலைக் கொசுவத்தை முழங்கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு மண்ணில் குந்தினாள். மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. பூவுக்குள் தலையையே விடுகிறமாதிரி குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகினாள். "மாட்டிக்கிச்சுப்பா!" என்று நிமிர்ந்தபோது அவள் நெற்றிப்பொட்டு கலைந்திருந்தது. என் வீட்டுக்காரர் குழந்தைபோல் கைதட்டினார். காலையிலிருந்து நான் இந்த மனுஷனை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அந்த வெட்கம் ஒரு துளிகூட இல்லை.

மருதம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பு எப்போது மூக்கிலிருந்து இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

"கோப்பி ஆறிப்போச்சு" என்றார் என்னிடம். "வேற கலக்குங்க. இங்கயே கொண்டாங்க."

ஓடினேன். அவசரத்தில் சீனியை எத்தனை கரண்டி அள்ளிப் போட்டேனோ தெரியாது. அந்த நாற்றத்துக்கு நடுவே, பூவுக்குப் பக்கத்தில் நின்றபடி, மருதம்மாள் ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்கு. கடைசிச் சொட்டுவரை.

வெறும் கோப்பையை என் கையில் கொடுத்தார். "அடுத்த தடவை சீனியைக் கொஞ்சம் குறைங்க, சம்பந்தி."

அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பூ நாற்றம் கண்ணைக் கரிக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன்.