பிரவீணாவின் எடை

1997ஆம் ஆண்டு தை மாதம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் துலாபாரத் தட்டில் உட்கார்ந்த பிரவீணாவின் எடை ஒன்றேகால் கிலோ. வயது பன்னிரண்டு, உயரம் நாலே முக்கால் அடி, காலையில் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தாள். எறையூரில் கரும்பு போடும் அவள் அப்பா பெரியசாமி, மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்த மகள் பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டிக்கொண்டவர், டெம்போவில் நாற்பது கிலோ கொண்டுவந்திருந்தார். எதிர்த்தட்டில் இரண்டு உருண்டை வைத்ததுமே பிள்ளை மேலே போய்விட்டாள். தராசைக் குறை சொல்ல வழியில்லை; அடுத்து உட்கார்ந்த ஆள் சரியாக எழுபத்திரண்டு கிலோ இருந்தார். மொத்த வெல்லத்தையும் வைத்துவிட்டுப் போகலாமே என்றார்கள் சிலர். ஆனால் வேண்டிக்கொண்டது எடைக்கு எடை. பெரியசாமி பெருமாளையே ஏய்க்கப் பார்த்தார் என்று அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. அம்மா பரிமளாவுக்கு மானத்தைவிடப் பயம்தான் பெரிது. வேண்டுதல் முடியாவிட்டால், கொடுத்த சாமி பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று நம்பினாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும், வேணியின் பாலே வகுப்பு. வேணியும் எறையூர்க்காரிதான். அவள் அப்பா சென்னையில் ஒரு ரஷ்ய இன்ஜினியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். இன்ஜினியரின் மனைவி சமையல்கட்டு ஜன்னல் கம்பியைப் பிடிக்கவைத்து அவளுக்கு பாலே சொல்லிக்கொடுத்து, பிறகு மாஸ்கோவுக்கும் அனுப்பிவைத்தாள். அங்கே ஒரு குழுவில் பதினோரு வருஷம் சம்பளத்துக்கு ஆடினாள், பதினோரு வருஷமும் மூன்றாவது வரிசையில். முழங்கால் போனதும் 1995இல் ஊர் திரும்பி, காலியாகக் கிடந்த உரக் கிடங்கில் பலகை போட்டு, பிடித்துக்கொள்ளச் சுவரோரம் ஒரு தண்ணீர்க் குழாயைப் பொருத்தி, ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தாள். விரல் நுனியில் நிற்பதற்கான செருப்பைச் செட்டிகுளத்தில் ஒருவர் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துத் தந்தார். தரையைத் தொந்தரவு பண்ணாதீங்க என்பதுதான் அவளுடைய முதல் பாடமும் கடைசிப் பாடமும். எட்டுப் பேரில் ஏழு பேர் அதைக் காதில் வாங்கினார்கள், பிரவீணா நம்பிவிட்டாள். ஈர வரப்பில் அவள் நடந்தால் தடம் விழாது. பள்ளிக்கூடத்துக்கு வரும் நர்ஸ் ஆறு மாதமாக எடை மெஷின் ரிப்பேர் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

கோயிலிலிருந்து வந்த மறுநாள் பெரியசாமி கிடங்கு வாசலில் நின்றார். “டீச்சர், ஊர்ல தலை நிமிர முடியலைங்க. புள்ளைய எடையோட குடுங்க. துலாபாரம் முடிஞ்சிரட்டும், நானே பம்பாய்க்கு அனுப்பி வைக்கிறேன்.” பம்பாயிலிருந்து ஒரு நடனக் குழுவின் ஆள் சித்திரையில் வருவதாக இருந்தது. வேணி எழுதிய கடிதத்தைப் பார்த்து, பிரவீணா என்ற ஒருத்திக்காகத்தான் வருகிறார். தனக்குக் கிடைக்காத முதல் வரிசை இவளுக்குக் கிடைக்கும் என்பதில் வேணிக்குச் சந்தேகமே இல்லை. அதனால் சரி என்றாள். ஏற்றியதை இறக்கிவிடலாம் என்று நினைத்தாள்.

எப்படி ஏற்றுவது என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருநாள் வேணி முதல் தடவையாக அவளை முழங்கை கோணலாக இருக்கிறது என்று அதட்டினாள், பிரவீணாவின் காலடியில் பலகை கிறீச்சென்றது. பரிமளா சின்ன வெங்காயம் நிறுக்கும் தராசில் உட்காரவைத்துப் பார்த்தாள், ஒரு கிலோ கூடியிருந்தது. ஒரு குறைக்கு ஒரு கிலோ. பன்னிரண்டு வயசுக்கு முப்பத்தெட்டு கிலோ இருக்கணும் என்று நர்ஸ் சொன்னதால், பங்குனி வரைக்கும் நாளுக்கு ஒன்றாக முப்பத்தேழு குறை சொன்னாள் வேணி. ஏழுதான் உண்மை. எட்டாம் நாளிலிருந்து கழுத்து குட்டை, காது மந்தம், முகத்தில் களை இல்லை, உன்னைப் பார்த்தால் ஆட வந்தவள் மாதிரியே தெரியவில்லை என்று கட்டிச் சொன்னாள். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது. இதில் இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும், எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. இருபதாவது குறைக்குமேல் வேணிக்கு அது சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது வரிசையில் நின்றவளுக்கு முதல் வரிசைக்காரியைத் திட்டக் கிடைத்த சந்தோஷம்.

பங்குனியில் துலாபாரம் குறையில்லாமல் முடிந்து, வெல்லம் பொங்கலாகி எல்லோருக்கும் கிடைத்தது. சித்திரையில் பம்பாய்க்காரர் வந்தார். பிரவீணா குதித்தாள், போன வேகத்தில் தொப்பென்று இறங்கினாள். அவர் நல்ல மனிதர், காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். அன்று சாயங்காலமே வேணி அவளைப் பிடித்துவைத்து, அதில் முப்பது பொய்டி, எல்லாம் நான் கட்டினது என்று அழுதாள். வெங்காயத் தராசில் ஒரு கிராமும் இறங்கவில்லை.

பிரவீணா பத்தாம் வகுப்போடு நின்றாள், பதினெட்டு வயதில் அரியலூர்ப் பூவரசனைக் கட்டிக்கொண்டாள். வேணி வகுப்பை விடவில்லை, ஆனால் அதற்குப்பின் யாரிடமும் ஒரு குறையும் சொன்னதில்லை. கோணல் முழங்கையோடு நாலைந்து செட்டுப் பிள்ளைகள் வந்து போனார்கள்.

2007 ஆடியில் பிரவீணா மூன்று வயது மகளோடு கிடங்குக்கு வந்தாள். குழந்தையைக் கண்டதும் வேணி பத்து வருஷமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள். “உன்னைத் திட்டுனப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சுடி.”

“தெரியுங்க டீச்சர். மொகத்துலேயே தெரிஞ்சுச்சு.”

“முப்பதும் பொய்னு அன்னைக்கே சொன்னேனே. அப்புறமும் ஏன் எறங்கலை?”

“எந்த முப்பதுன்னு நீங்க சொல்லவே இல்லையே.”

வேணி பலகையில் உட்கார்ந்து யோசித்தாள். முழங்கை உண்மை. கழுத்து? காது? விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுக்கே மறந்துபோயிருந்தது.

குழந்தை அதற்குள் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பிரவீணா சொன்னாள்: “இவளைச் சேத்துக்குங்க. கொறை இருந்தா மறைக்காதீங்க, எங்கிட்ட சொல்லுங்க. நான் ஏற்கெனவே கனமாத்தானே இருக்கேன்.”

அப்படியே நடக்கிறது. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வேணி வாசலுக்கு வந்து, மகளின் குறைகளை அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பொய் ஒன்றும் இல்லை. பிரவீணா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, காற்று தூக்கிக்கொண்டு போய்விடாமல் கொசுவலையில் குழந்தையைச் சுற்றி இடுப்பில் முடிந்துகொண்டு பஸ் ஏறுகிறாள். ஏறும்போது பஸ் ஒரு பக்கம் சாயும். கண்டக்டர் நாலு பேரை எதிர்ப்பக்கம் மாறி உட்காரச் சொல்வார், அவர்களும் மாறி உட்கார்வார்கள்.