நார்மண்டிச் சேறு

பழைய பட்டாளச் சாமான் சேர்ப்பதில் நோரீனின் அப்பாவுக்குக் கூட்டாளியான ஃபிளாய்ட் நிலவறைப் படியேறி வந்தபோது கைகளில் வெள்ளைப் பருத்தி உறை போட்டிருந்தார். பழைய பாராசூட் படைச் சட்டை ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார்.

"உங்கப்பா வெர்னுக்கு இதைத்தான் போடணும் நோரீன். அவனே என்கிட்ட எப்பவோ சொல்லி வச்சுட்டான். சவ அடக்க ஆளுங்க துணிக்குக் காத்துக்கிட்டிருக்காங்க."

நோரீன் சட்டையைப் பார்த்தாள். முழங்கையில் காய்ந்த சேறு, காலரில் எவனோ ஒருவனின் வியர்வைக் கறை. இரண்டாம் உலகப் போர் நடந்த நார்மண்டிச் சேறு என்று அப்பா வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமையடிப்பார். அவர் எந்தப் போருக்கும் போனதில்லை. காது மந்தமென்று பட்டாளத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குறைக்கு ஆயுசு முழுக்க ஹெல்மெட்டும் தண்ணீர்க் குப்பியும் தோள்பையுமாக நிலவறையை நிரப்பினார். இடம் போதாமல் அம்மாவின் தையல் மெஷின் கொட்டகைக்குப் போய்த் துருப்பிடித்தது.

அதைக்கூட மன்னித்துத் தொலைக்கலாம். டேலின் சட்டையை எப்படி மன்னிப்பது?

அண்ணன் டேல் வியட்நாமில் செத்தபோது அவன் சாமான்கள் ஒரு பெட்டியில் வந்தன. அதிலிருந்த பட்டாளச் சட்டையை அம்மா துவைத்து, இஸ்திரி போட்டு, தன் அலமாரியில் மடித்து வைத்தாள். பெற்றவளுக்கு வேறென்ன செய்யத் தெரியும்? ஆனால் இந்தச் சேகரிப்புக் கூட்டத்தில் துவைப்பதைப் போலப் பாவம் வேறில்லை. சாயம் போகும், முத்திரை மங்கும், சரக்கு குப்பையாகிவிடும். அப்பா வீடே அதிரக் கத்தினார். துவைத்த சட்டைதானே என்று, அடுத்த சந்தையில் இரண்டு ஹெல்மெட்டோடு அதையும் தள்ளிவிட்டு இந்தச் சேற்றுச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அம்மா அவர் துணியைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் துணிகளை அவரேதான் துவைத்துக்கொண்டார்.

"குடுங்க" என்றாள் நோரீன்.

"உறை போட்டுக்கோம்மா, கை எண்ணெய் பட்டுடப் போகுது."

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய் வாஷிங் மெஷினுக்குள் திணித்தாள். தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

"ஐயோ, உனக்கென்ன பைத்தியமா? நாப்பத்தி நாலாம் வருஷத்துச் சேறு அது! இந்த ஒஹையோவுல வேற எவன்கிட்டயும் கிடையாது!"

"எங்கண்ணன் சட்டை எங்க ஃபிளாய்ட்? அதைக் கொண்டாங்க, இதை எடுத்துத் தர்றேன்."

"அது டெக்சாஸ் பக்கம் எங்கயோ கை மாறிப் போயிடுச்சு. இப்பப் போய் ஏன் கிளறுற? செத்தவன் மேல என்ன கோவம்?"

"செத்துட்டா எல்லாம் சரியாப் போச்சா? பெத்த பிள்ளை சட்டையை வித்த மனுஷன் அவர்! சேறுதானே வேணும்? நாளைக்குக் குழியில நிறையப் போடுவாங்க, கவலைப்படாதீங்க."

சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஓபல், நீங்களாவது உங்க பொண்ணுக்குச் சொல்லுங்களேன்!" ஃபிளாய்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா மெஷினுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பழுப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"அழுக்கு ஜாஸ்தி" என்றாள். "இன்னொரு கை சோப்பு போடு."

காய்ந்ததும் அம்மாவே இஸ்திரி போட்டாள்.

மறுநாள் சவப்பெட்டியருகே அப்பாவின் கூட்டாளிகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். சட்டை வெளிறிப்போய், பளிச்சென்று இருந்தது. ஃபிளாய்ட் தரையையே பார்த்துக்கொண்டு நகர்ந்தார். நோரீனுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாக அம்மா வந்தாள். குனிந்து காலரை நீவிவிட்டாள். பிறகு அந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோய், சோப்பு வாசனை இருக்கிறதா என்று பார்த்தாள்.