நடுவில் பதுங்கிய வரி

அக்காவும் தங்கையும் நடத்தும் தையல் கடைக்கு ஒரு இணையதளம் உண்டு. அதில் அக்காவின் திரைச்சீலைப் பக்கத்தை மூன்று மாதமாக ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. "சீசன் சரியில்லக்கா" என்றாள் தங்கை. அக்காவும் நம்பித் தொலைத்தாள்.

இன்று இணையதளத்தை இயக்கும் சர்வர் கோப்பைப் பிரித்து அடுக்க உட்கார்ந்தாள். வருகிறவர்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வரிகள் ஒரு கோப்பில், பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் வரிகள் இன்னொன்றில். சுருக்கும் வரிகளுக்கு நடுவே ஒரு திருப்பும் வரி பதுங்கியிருந்தது. திரைச்சீலை தேடி வந்த அத்தனை பேரையும் அது தங்கை தனியாகத் தொடங்கியிருந்த கடைக்குத் தள்ளிவிட்டது. அக்கா கண்ணில் படாமலிருக்க, வீட்டுக் கணினிக்கு மட்டும் விலக்கு.

ஒவ்வொரு வரிக்கும் மேலே பெயரும் தேதியும் எழுதுவது அவர்கள் வழக்கம். அதையும் விடாமல் எழுதியிருந்தாள் அந்த மகராசி. அக்கா காய்ச்சலில் கிடக்க, தங்கை பக்கத்திலேயே இருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்த அதே நாள்.

போனை எடுத்தாள். "என்னடி இது?"

"கோவிச்சுக்காதக்கா. கொஞ்ச நாளைக்குத்தான். நானே எடுத்துடலாம்னு இருந்தேன்."

திருப்பும் வரியில் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டில் ஒன்றைப் போட வேண்டும். அக்கா திரையை மறுபடி பார்த்தாள்.

"அப்ப ஏன்டி நிரந்தரம்னு போட்டே?"